இடைவேளைக்குப் பின் வந்த தீர்ப்பு

1

கார்த்திகை பிறந்தால் ஒஸ்லோவில் பின்னேரம் என்று ஒன்று கிடையாது. மத்தியானம் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்க்க இருட்டிவிடும். அப்படியொரு இருட்டில்தான் அண்மையில் மன்னாருக்கு, அம்மாவுக்கு, தொலைபேசி எடுத்தேன். அன்று தம்பி றெஜியின் பிறந்தநாள்.

மற்ற வருடங்களில் அம்மா அன்றைக்கு அவனுக்காக மாதா கோவிலில் பூசை ஒப்புக்கொடுப்பார். இந்த வருடம் கொடுக்கவில்லை. வைகாசியில் சண்டை முடிந்தபோது சனத்தோடு சனமாக நடந்து வந்தவனை ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறக்கியதைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை. பூசைக்குப் பேர் கொடுக்கப் போனால், உயிரோடிருப்பவருக்கா இறந்தவருக்கா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அம்மா கோவில் அலுவலகப் பக்கமே போவதில்லை.

அழுவார் என்று நினைத்து, சொல்ல வேண்டிய ஆறுதலை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு எடுத்தேன். அம்மா அழவில்லை. படம் கேட்டார்.

"பிள்ளை, நீ ஒரு வழக்குப் படம் சொன்னியே, அதை அனுப்பிவிடு. இஞ்சை பிள்ளையளின்ரை போட்டோவோடை கோவில் வாசல்லை நிக்கிற தாய்மாருக்கெல்லாம் சொல்லிப்போட்டன். அவைக்குப் பார்க்கவேணுமாம். கன்னியர்மடத்துச் சிஸ்டர் ரீவி தாறன் எண்டவ. அதிலை இங்கிலீசு எழுத்து வருமாம்தானே, தான் வாசிச்சுத் தமிழிலை சொல்லுறாவாம்."

"ஓம் அம்மா, அனுப்புறன்."

"அந்தாளுக்குத் தூக்கு எண்டு சொல்லேக்கை நீங்கள் எல்லாரும் கை தட்டினதெண்டு சொன்னியே. அதைக் கேட்டதிலையிருந்துதான் பிள்ளை நான் ஒழுங்காச் சாப்பிடுறன்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தப் படத்தை நம்பித்தான் நானும் இலையுதிர்காலம் முழுவதும் வேலைக்குப் போய் வந்தேன்.

2

படம் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். பார்த்த கதை என்றும் சொல்ல முடியாது, கேட்ட கதை.

நாங்கள் இருக்கிற புருசெத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பிறகு சில வேளைகளில் மண்டபத்தில் படம் போடுவார்கள். பெரும்பாலும் தமிழ்ப் படம். இந்த முறை றொபேட் அண்ணை ஒரு நோர்வேப் படத்தைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு இந்த நாட்டில் நடந்த ஒரு வழக்கைப் பற்றிய படம். கைதிகள் முகாமில் அதிகாரியாக இருந்த ஒருவனைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார்கள். "எங்கடை சனம் பார்க்கவேண்டிய படம். இவங்களுக்கு நடந்தது எங்களுக்கும் ஒருநாள் நடக்கும்" என்றார். வைகாசிக்குப் பிறகு சிரிப்பை மறந்திருந்த சனம். தூரத்து வெஸ்ட்லியிலிருந்துகூட வந்து மண்டபத்தை நிரப்பிவிட்டார்கள்.

நோர்வே மொழி விளங்காத வயதானவர்கள் எங்களில் நிறைய. அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒருவர் மைக்கைப் பிடித்து, திரையில் யார் என்ன சொன்னாலும் தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். குடியுரிமை விளக்கக் கூட்டமானாலும் பன்றிக்காய்ச்சல் ஊசிக் கூட்டமானாலும் இதே மைக், இதே றொபேட் அண்ணை. அவருக்குத் தொழிலே அதுதான். நீதிமன்றம், பொலிஸ், ஆஸ்பத்திரி என்று எல்லா இடமும் போகிற மொழிபெயர்ப்பாளர்.

எங்கள் சனத்துக்கு இடைவேளை இல்லாத படமும் உப்பில்லாத கறியும் ஒன்று. நோர்வேக்காரர் இடைவேளை வைத்துப் படம் எடுப்பதில்லை. அதனால் நாங்களே மணிக்கூட்டைப் பார்த்து, பாதியில் படத்தை நிற்பாட்டி, ரோல்சும் தேத்தண்ணியும் கொடுப்போம். அன்றைக்கு நிற்பாட்டிய இடத்தில் ஒரு தாய் சாட்சிக் கூண்டில் நிற்கிறாள். அவளுடைய மகனை ஒரு விடியற்காலை முகாமிலிருந்து கூட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பக் கொண்டுவரவில்லை. அவள் கூண்டில் நிற்கிறவனைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறக்கிறாள். அத்தோடு படம் நின்றது. திறந்த வாயோடு அந்த முகம் சுவர் முழுக்க நிற்க, கீழே நாங்கள் ஆட்டிறைச்சி ரோல்சைக் கடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் அன்று சமையலறைப் பொறுப்பு என்னுடையது. ரோல்ஸ் முடிந்துபோனது, இன்னொரு தாச்சி பொரித்தே ஆகவேண்டும்.

ஆகவே படத்தின் மீதியை நான் குசினியில் நின்று கேட்டேன். எண்ணெய்ச் சத்தத்துக்கு மேலால் வந்தது றொபேட் அண்ணையின் குரல் மட்டும்தான். "என்ரை பிள்ளையை எங்கை வைச்சிருக்கிறாய்?" என்று தாய் கேட்டாள். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்று அவன் சொன்னான். பிறகு நெடுநேரம் வாதம். பிறகு, "குற்றவாளிக்கு மரணதண்டனை" என்று அண்ணை சொன்னதும் மண்டபம் இடிந்து விழுகிறமாதிரிக் கைதட்டல். கையெல்லாம் மாவும் எண்ணெயும். நானும் தட்டினேன். அடுப்பை நிற்பாட்டிவிட்டு நின்று அழுதேன்.

அழுது முடித்து எட்டிப் பார்க்கையில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. என் கண்ணாடி புகைமூடிப் போயிருந்தது. "படத்திலை உழைச்ச எல்லாருக்கும் நன்றி சொல்லுறாங்கள்" என்றார் றொபேட் அண்ணை. லைட்டைப் போட்டார்கள். அன்றிரவே அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன்.

3

அம்மா கேட்டபின், மகள் அனித்தாவிடம் சொன்னேன். பதினெட்டு வயது. இங்கே பிறந்தவள். நூலகத்துக்கு அடிக்கடி போகிறவள்.

"எந்தப் படம் எண்டு உனக்குத் தெரியும்தானே. எங்கை வாங்கலாம் எண்டு பார்த்துச் சொல்லு. அம்மம்மாவுக்கு அனுப்பவேணும்."

தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். "அது வேண்டாம் அம்மா. வேறை நல்ல படம் அனுப்பு."

"அம்மம்மா அதைத்தான் கேக்கிறா."

"சவுண்ட் எல்லாம் கூடாது. போரிங் அம்மா. வேண்டாம்."

எந்த வேலை சொன்னாலும் இந்தப் பிள்ளைக்கு ஒரு சாட்டு இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்கும் எனக்கும் இடையில் கொஞ்சக் காலமாகவே கதை சுருங்கிவிட்டது. பள்ளிக்கூடக் கூட்டத்தில் நான் நோர்வே மொழி கதைத்தால் அவளுக்கு வெட்கம். என் நண்பிகள் முன்னால் அவள் தமிழ் கதைத்தால் எனக்கு வெட்கம். ஏசிப்போட்டு அடுத்த நாள் நானே புருசெத் நூலகத்துக்குப் போனேன். இருந்தது. சவுண்ட் கூடாதாம், பார்ப்போம் என்று வீட்டில் போட்டேன்.

இந்த முறை இடைவேளையும் இல்லை, மைக்கும் இல்லை. அந்தத் தாய் வாயைத் திறந்தாள், கேட்டாள். கூண்டில் நின்றவன் அவளை நேராகப் பார்த்து, "எனக்கு ஞாபகம் இல்லை" என்றான். மன்னிப்பு என்ற சொல் அந்தப் படத்தில் ஒரு இடத்திலும் இல்லை. திரும்பவும் போட்டுப் பார்த்தேன். ஞாபகம் இல்லை என்றுதான் சொன்னான்.

தீர்ப்பு, மறியல், வெறும் சிறைத்தண்டனை. மரணதண்டனை அல்ல. அதற்குப் பிறகு கறுப்புத் திரையில் அந்த வெள்ளை எழுத்துகள். இந்த முறை என் கண்ணாடி துப்புரவாக இருந்தது. தண்டனைக் காலம் முடிய முன்னரே அவனுக்கு மன்னிப்பு வழங்கி விட்டுவிட்டார்களாம். சொந்த ஊருக்குத் திரும்பிக் கடை வைத்தானாம். வயது போய்த் தன் வீட்டில், தன் கட்டிலில் செத்தானாம். கொண்டுபோன கைதிகளை எங்கே புதைத்தார்கள் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லையாம்.

உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லவும் எழுத்துகள் வந்தன. அவை பிறகுதான் வந்தன.

4

அனித்தா கதவைத் திறந்து உள்ளே வந்தபோது ரீவியில் கடைசி எழுத்து அப்படியே நின்றது. சப்பாத்தைக் கழற்றாமலே நின்றாள்.

"உனக்கு இது தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

"எப்ப?"

"அண்டைக்கே. பின்னுக்கு இருந்த எல்லாப் பிள்ளையளுக்கும் தெரியும் அம்மா. வீ லெஸ்தெ தே. எழுத்தை வாசிச்சனாங்கள்தானே."

அந்த மண்டபத்தை நினைத்துப் பார்த்தேன். முன்னால் தாய்தகப்பன்மார், பின்வரிசையில் இங்கே பிறந்த பிள்ளைகள். நாங்கள் மைக்கைக் கேட்டோம். அவர்கள் படத்தைக் கேட்டார்கள். நாங்கள் எழும்பி நின்று ஆரவாரம் செய்ய, அவர்கள் பின்னாலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எல்லாரும் அழுதனீங்கள். சந்தோசமா அழுதனீங்கள். எங்களுக்குப் பாவமா இருந்தது. வெளியிலை நிண்டு கதைச்சனாங்கள், ஒருத்தரும் வீட்டிலை சொல்லுறேல்லை எண்டு."

ஏசுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. பிள்ளைகளிடம் நாங்கள் எத்தனையோ மறைத்தோம். தொலைபேசிச் செய்தி வந்தால் குளியலறைக்குள் போய் அழுதோம். அவர்கள் அறியக்கூடாதென்று செய்தி நேரத்தில் ரீவியை நிற்பாட்டினோம். இப்போது அவர்கள் கூடிப் பேசி எங்களுக்கு மறைக்கிறார்கள். பெத்த பிள்ளை என்னைப் பார்த்துப் பாவப்பட்டது தாங்க முடியாத எரிச்சலாக இருந்தது. சொல்லியே ஆகவேண்டும், எரிச்சல்தான், பாசம் எல்லாம் பிறகு.

இந்த நாட்டில் சட்டம் சட்டம்தான் என்று அவளுக்குச் சின்னதிலிருந்தே படிப்பித்தவள் நான். நம்பர்த் துண்டை எடுத்துக்கொண்டு இருந்தால் உன் முறை கட்டாயம் வரும் என்பேன். காணாமற்போனவர்களைத் தேடுகிற அலுவலகத்திலும் அப்படித்தான் துண்டை எடுத்து இருந்தேன். அங்கேயிருந்த பெண் நல்ல மாதிரி. கைத்துடைப்பான் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "புதிய தகவல் வந்தால் அறிவிப்போம்" என்றாள். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்கிறாள். பரவாயில்லை, இந்த ஊரில் ஒரு தாய் கேட்ட கேள்விக்கு ஒருவன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறுவேன். இனி எதை நினைத்துக்கொண்டு ஏறுவது?

5

றொபேட் அண்ணையை எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொன்னால்தான் என் கோபம் விளங்கும்.

பத்தொன்பது வயதில் தனியாக வந்து இறங்கினேன். அகதி விண்ணப்பத்துக்கான பொலிஸ் விசாரணையில் எனக்கு மொழிபெயர்க்க வந்தவர் அவர். சொல்ல வெட்கமான ஒரு இடம் வந்தது. "அண்ணை, அதைக் கொஞ்சம் விட்டிட்டுச் சொல்லுங்கோ" என்று மெல்லக் கெஞ்சினேன். அவர் பொலிஸ்காரர் பக்கம் திரும்பி, நான் கெஞ்சியதையும் ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தார். பொலிஸ்காரர் எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. "தங்கச்சி, நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். இந்தக் கதிரையிலை இருக்கிறவன் அப்பிடித்தான் இருக்கவேணும்" என்றார். அதில் வந்த மரியாதைதான் பிறகு உறவாகி, அனித்தாவின் ஞானஸ்நானத்துக்கு அவரையே ஞானத்தகப்பனாக நிற்கக் கேட்டோம்.

அந்த மனிதர்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர். ரயிலேறி லில்லெஸ்ட்ரோமுக்கு, அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் கேட்டேன்.

"ஏன் அண்ணை அப்பிடிச் செய்தனீங்கள்?"

மறுக்கவில்லை. "படத்தை நான் முழுக்கப் பார்க்காமல்தான் போட்டனான், ஜெசி. பாதியிலைதான் எனக்கே விளங்கினது போற போக்கு. முன்னுக்கு இருக்கிற சனத்தைப் பார்த்தன். பிள்ளையைத் துலைச்ச சனம். என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்?"

"அவன் சொன்னதை."

"அதைச் சொல்லுறதுக்கு அது கோர்ட் இல்லை. செத்த வீடு மாதிரி. செத்த வீட்டிலை ஆரும் டொக்டரின்ரை ரிப்போட்டை மைக்கிலை வாசிக்கிறதே?"

"அப்ப எங்களைச் செத்த வீட்டுச் சனம் எண்டு முடிவு கட்டிப்போட்டியள். என்ரை தம்பி செத்திட்டான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

அவர் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "அம்மாவுக்குத்தானே அனுப்பவேணும். தீர்ப்போடை முடியிற மாதிரி வெட்டி ஒரு கொப்பி அடிச்சுத் தாறன். தமிழிலை நானே குரலும் குடுத்துத் தாறன். சிஸ்டரும் வாசிக்கத் தேவையில்லை."

அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையான இரக்கம்தான் இருந்தது. அதுதான் என்னைக் குத்தியது. கெட்டவர் ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டு வரலாம்.

"அண்ணை, அண்டைக்குப் பொலிஸிலை என்ரை கதையை எப்பிடிச் சொன்னனீங்கள்?"

"என்ன கேள்வி ஜெசி இது?"

"கூட்டினனீங்களோ, குறைச்சனீங்களோ?"

"ஒண்டும் இல்லை. சத்தியமா."

அந்தச் சத்தியத்தை ஏற்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் எந்தக் கதையை நம்பி இந்த நாடு என்னை வைத்திருக்கிறது என்பது இனி எனக்கு நிச்சயமாகத் தெரியப்போவதில்லை. வேலியே பயிரை மேய்ந்ததென்பார்கள். இது அப்படியுமில்லை. பயிர் பாவமென்று வேலி தன்னைத்தானே பிடுங்கிக்கொண்டது. ஆறிய தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் வேலையில், முதியோர் இல்லத்தில், போர்கில்ட் அம்மாவுக்குத் தலை இழுத்துவிட்டேன். யுத்தக் காலத்தில் அவர் இளம்பெண். மனம் பொறுக்காமல் அவரிடம் கேட்டேன், அப்படிப்பட்டவர்களை உண்மையிலேயே விட்டுவிட்டார்களா என்று.

"விட்டார்கள்தான்" என்றார் சாதாரணமாக. "எங்கள் ஊருக்கும் ஒருவர் திரும்பி வந்தார். சைக்கிள் கடை வைத்திருந்தார். நன்றாகத் திருத்துவார்."

"உங்களுக்குக் கோபம் வரவில்லையா?"

"வந்தது. ஆனால் ஊரில் வேறு சைக்கிள் கடை இல்லை."

சீப்பில் சிக்கிய வெள்ளை முடியை எடுத்துப் போட்டுவிட்டு மற்ற அறைக்குப் போனேன்.

6

நேற்று ஞாயிறு. அம்மாவுக்கு எடுக்க வேண்டிய நாள். வெட்டிய கொப்பி தயார் என்று றொபேட் அண்ணை செய்தி அனுப்பியிருந்தார். பதில் போடவில்லை. ஆனால் மனம் ஆடாமல் இருக்கவில்லை. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இப்போதுதான் சாப்பிடுகிறார். வெட்டியதை அனுப்பினால் யாருக்கு என்ன குறை?

தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தேன். அனித்தா எதிரே இருந்து பாடப்புத்தகம் வாசிக்கிறமாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துப் பாவப்பட்ட மாதிரி நான் என் தாயைப் பார்த்துப் பாவப்படுவேனோ என்று பார்க்கிறாள். எடுத்தேன்.

"படம் அனுப்பிட்டியோ பிள்ளை?"

"அம்மா, அதிலை தூக்கு இல்லை. மறியல்தான். அதுவும் முடிய முதலே விட்டிட்டாங்கள். பிறகு கடை வைச்சு, நல்லா இருந்துதான் செத்தவன்."

அந்தப் பக்கம் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போவது கேட்டது.

"அந்தத் தாயிட்டை மன்னிப்புக் கேட்டவன் எண்டியே?"

"கேக்கேல்லை அம்மா. ஞாபகம் இல்லை எண்டவன். எங்களுக்கு மாத்திச் சொல்லிப்போட்டினம். எனக்கும் இப்பதான் தெரியும்."

அழுவார் என்று காத்திருந்தேன். இந்த முறையும் அழவில்லை.

"சரி. படத்தை அனுப்பு. வெட்டாமல், கொத்தாமல் அனுப்பு. சிஸ்டர் உள்ளதை உள்ளபடி வாசிப்பா. ஞாபகம் இல்லை எண்டுதான் இஞ்சையும் சொல்லுறாங்கள். அந்தத் தாய் அதுக்குப் பிறகு என்ன செய்தவ எண்டு நாங்கள் பார்க்கவேணும்."

"ஓம் அம்மா."

"ஆனால் ஒண்டு சொல்லு பிள்ளை." குரல் அப்போதுதான் உடைந்தது. "அப்ப நீங்கள் எல்லாரும் எதுக்குக் கை தட்டினனீங்கள்?"

மாவும் எண்ணெயுமாக இருந்த என் கைகள்தான் நினைவுக்கு வந்தன. அம்மா அங்கே காத்துக்கொண்டிருந்தார். அனித்தா எழும்பி வந்து தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள். "சுகமா இருக்கிறன்" என்பதற்கு மேல் அம்மம்மாவோடு ஒருநாளும் கதைக்காதவள்.

"அம்மம்மா," என்றாள், "நான் கை தட்டேல்லை."